பெர்ரிப் பருவத்தில் வட ஜெர்மனி: ரோட்டே க்ரூட்ஸே நாட்குறிப்பு

ஜூலை 8, செவ்வாய் – ஹாம்பர்க்

ஈசமார்க்ட் என்று இங்கே ஒரு தெருச்சந்தை. செவ்வாயும் வெள்ளியும் காலையில் கூடும், மதியம் இரண்டு மணிக்கெல்லாம் கடை கட்டிவிடுவார்கள். தலைக்கு மேல் யூ-3 மெட்ரோ ரயில் ஓடும் பாலத்துக்கு அடியில், ஒரு நிலையத்திலிருந்து அடுத்த நிலையம் வரை இரண்டு பக்கமும் கடைகள். மழை வந்தாலும் கூடை நனையாது.

நான் ஜூலையில் வந்ததே இந்தப் பழங்களுக்காக. ஸ்ட்ராபெர்ரி பருவம் முடியப் போகிறது. ராஸ்பெர்ரி நன்றாக வந்திருக்கிறது. புளிப்புச் செர்ரி இப்போதுதான் தலைகாட்டுகிறது. எல்லாவற்றுக்கும் நடுவில் யோஹானிஸ்பேரே, ஆங்கிலத்தில் ரெட் கரன்ட். சிவப்பாக, தோல் வழியே விதை தெரியும் அளவுக்குக் கண்ணாடியாக, மிளகுக் கொடியில் சரம் தொங்குவது போலக் காம்போடு சரம் சரமாக இருக்கும். சென்னையில் இதை நான் பார்த்ததே இல்லை. கடைக்காரம்மா ஒரு சரத்தை எடுத்துக் கையில் கொடுத்தார். வாயில் போட்டதும் கண்ணைச் சுருக்க வைக்கும் புளிப்பு. அடுத்த நொடி ஒரு பூ வாசனை. அப்புறம் பல்லில் சிறு விதைகள்.

இந்தப் புளிப்புப் பழத்தில்தான் ரோட்டே க்ரூட்ஸே நிற்கிறது. சிவப்புப் பழங்களைக் கொஞ்சம் சர்க்கரையோடு வேகவைத்து, மாவு கரைத்து ஊற்றிக் கெட்டியாக்கி, நன்றாகக் குளிரவைத்து, மேலே க்ரீமோ பாலோ வெனிலா சாஸோ ஊற்றிச் சாப்பிடும் இனிப்பு. ஹாம்பர்க், ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன், எல்லை தாண்டி டென்மார்க் என்று இந்தப் பகுதி முழுக்கக் கோடைகாலத்தில் வீட்டுக்கு வீடு செய்வார்கள். ஜெர்மனியின் மற்ற ஊர்களிலும் கிடைக்கும்தான். ஆனால் பிறந்த வீடு இந்த வடக்கு.

மாலையில் ஆற்றுப் பக்கம் ஒரு உணவகத்தில் முதல் கிண்ணம் சாப்பிட்டேன். நிறம் பிரமாதம். சுவையில் சர்க்கரைதான் தெரிந்தது. மேலே வெனிலா சாஸும் இனிப்பு என்பதால் நாலாவது கரண்டியிலேயே திகட்டிவிட்டது. காலையில் சந்தையில் ருசித்த அந்தப் புளிப்பு இதில் எங்கே போனது? இந்தப் பயணத்தில் நான் தேட வேண்டியது அதைத்தான் என்று இப்போது தெளிவாகத் தெரிகிறது.

மணி ஒன்பதரை. வெளியே இன்னும் வெளிச்சம் போகவில்லை.

ஜூலை 9, புதன் – ஆல்டஸ் லாண்ட்

ஹாம்பர்க் துறைமுகத்திலிருந்து 62ஆம் எண் படகில் ஏறினால் எல்பே ஆற்றில் ஃபின்கன்வெர்டர் வரை போகலாம். ஊர்ப் பஸ் டிக்கெட்டே படகுக்கும் செல்லும். அங்கிருந்து பஸ் பிடித்து யோர்க் என்ற சிற்றூர்.

இந்த ஆற்றோரம் முழுக்கப் பழத்தோட்டம். 12ஆம் நூற்றாண்டில் ஹாலந்துக்காரர்களைக் குடியேற்றி, சதுப்பு நிலத்தில் கரை கட்டி, வாய்க்கால் வெட்டி வடியவைத்த மண். இன்றைக்கும் தோட்டங்களுக்கு நடுவே அந்த வாய்க்கால்கள் நேர்கோடாக ஓடுகின்றன. பெரும்பாலும் ஆப்பிள், அடுத்தது செர்ரி. வசந்தத்தில் மரம் பூத்திருக்கும்போது உறைபனி வந்தால் இரவெல்லாம் மரத்தின் மேல் தண்ணீர் தெளிப்பார்களாம். தண்ணீர் உறையும்போது வெளிவிடும் வெப்பம் பூவைக் கருகாமல் காக்கும். பனியைத் தடுக்கப் பனிக்கட்டியையே போர்த்துவது எனக்குப் பெரிய ஆச்சரியம்.

எனக்கு வேண்டியது புளிப்புச் செர்ரி. இங்கே ஷாட்டன்மொரெல்லே என்ற வகைக்குத்தான் மதிப்பு. இதைப் பச்சையாக உட்கார்ந்து தின்ன மாட்டார்கள். வேகவைக்கவும் கேக்கில் போடவும்தான். சாலையோரத்தில் ஒரு வீட்டு வாசலில் மேசை போட்டு, பழப்பெட்டிகளை அடுக்கி, பக்கத்தில் சின்ன உண்டியல் வைத்திருந்தார்கள். ஆள் கிடையாது. விலைச்சீட்டைப் பார்த்து, காசைப் போட்டுவிட்டு எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். பெட்டியைத் தூக்கியதும் விரல் சிவந்துவிட்டது. அவ்வளவு சாறு. இதை இரண்டு நாள் கெடாமல் வைத்திருக்க முடியுமா என்று தோழிக்கு போனில் கேட்டேன். "குளிர்பெட்டியில வை, கழுவாதே, காம்பைக் கிள்ளாதே. கிள்ளினா அந்த ஓட்டை வழியா சாறெல்லாம் போயிடும்டி" என்றாள்.

ஜூலை 10, வியாழன் – ஃப்ளென்ஸ்பர்க்

ஹாம்பர்க்கிலிருந்து வடக்கே இரண்டு மணி நேர ரயில். வழியில் ரென்ட்ஸ்பர்க் என்ற ஊரில் ரயில் ஒரு வேலை செய்கிறது. கீழே கப்பல் போகும் கால்வாய். வட கடலையும் பால்டிக் கடலையும் இணைப்பது, நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, 1895இல் திறந்தது. கப்பல் புகைக்கூண்டு இடிக்காமல் இருக்க ரயில் பாலத்தை 42 மீட்டர் உயரத்தில் கட்டியிருக்கிறார்கள், 1913இல். அத்தனை உயரத்திலிருந்து நிலையத்துக்கு நேராக இறங்க முடியாதே! அதனால் ரயில் ஊரைச் சுற்றி ஒரு முழு வட்டம் அடித்து இறங்குகிறது. மடியில் செர்ரிப் பெட்டியை வைத்துக்கொண்டு ஜன்னலில், சற்று முன் கடந்த பாலத்தையே அண்ணாந்து பார்த்தேன்.

தோழி இங்கேதான் இருக்கிறாள். கல்லூரியில் ஒரே விடுதி அறை. கணவர் இந்த ஊர்க்காரர். மாலையில் வீட்டுச் சாமான் வாங்கப் போனபோது சூப்பர்மார்க்கெட்டில் ரோட்டே க்ரூட்ஸேக்கு என்னென்ன இருக்கிறது என்று பார்த்தோம். குளிர் அலமாரியில் டப்பாவில் தயாராக விற்கிறது, பக்கத்திலேயே வெனிலா சாஸ் டப்பா. உறைந்த பெர்ரிக் கலவை பை பையாக இருக்கிறது. கண்ணாடி ஜாடியில் கொட்டை நீக்கிய ஷாட்டன்மொரெல்லே. அப்புறம் பொடி. 1891இல் பீலெஃபெல்டில் ஒரு மருந்துக்கடைக்காரர் பேக்கிங் பவுடரைப் பொட்டலம் போட்டு விற்கத் தொடங்கினார், அவர்தான் டாக்டர் ஓட்கர். அந்த நிறுவனத்தின் பொடிப் பொட்டலங்கள் இல்லாத ஜெர்மன் சமையலறை அபூர்வம். ரோட்டே க்ரூட்ஸே பொடியும் அதில் உண்டு. வேலைக்குப் போய் வருகிறவர்களுக்கு அது உதவிதான். பழத்தின் விதையும் தோலும் வாயில் தட்டுப்படாது என்பதுதான் எனக்குக் குறை.

"எதையும் கூடையில போடாதே. சனிக்கிழமை ஓமா தோட்டத்துக்குப் போறோம்" என்று தோழி என்னை இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். ஓமா என்றால் அவள் மாமியார். பேத்தி பாட்டியைக் கூப்பிடுவதையே வீட்டில் எல்லோரும் கூப்பிடுகிறார்கள்.

ஜூலை 11, வெள்ளி – ஃப்ளென்ஸ்பர்க்

துறைமுகத்தை ஒட்டிக் கப்பல் அருங்காட்சியகம். ஒரு பழ இனிப்பைத் தேடி வந்தவள் அங்கே ஏன் போனேன் என்றால், சர்க்கரைக்காக.

18ஆம் நூற்றாண்டில் இந்த ஊர்க் கப்பல்கள் கரீபியக் கடலுக்குப் போய்வந்தன. அங்கே செயின்ட் குரோய், செயின்ட் தாமஸ், செயின்ட் ஜான் என்ற தீவுகள் டென்மார்க் வசம். அங்கிருந்து கச்சாச் சர்க்கரையும் ரம்மும் ஃப்ளென்ஸ்பர்க் துறையில் இறங்கின. ரம் ஊர் என்ற பெயர் இதற்கு இன்னும் ஒட்டியிருக்கிறது. கரும்பை வெட்டியவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட அடிமைகள். 1848இல்தான் அங்கே அடிமைமுறை ஒழிந்தது. தீவுகளை 1917இல் அமெரிக்காவுக்கு விற்றுவிட்டார்கள். சர்க்கரைக்குப் பின்னால் இருக்கும் இந்தக் கதையை ஊர் மறைக்கவில்லை என்பது எனக்கு முக்கியமாகப் பட்டது.

அந்தக் காலத்தில் ஃப்ளென்ஸ்பர்க் டென்மார்க் மன்னரின் ஆளுகையில் இருந்தது. இந்த ஊர் அடங்கிய ஷ்லெஸ்விக் பகுதியின் கோமகனும் அவர்தான். அதே மன்னரின் கொடிதான் 1620 முதல் 1845 வரை நம் தரங்கம்பாடிக் கோட்டையிலும் பறந்தது. அங்கே டான்ஸ்போர்க் கோட்டைச் சுவரில் கைவைத்து நின்ற எனக்கு, இங்கே துறைமுகக் கிடங்குகளைப் பார்த்ததும் இரண்டு ஊரும் ஒரே கணக்குப் புத்தகத்தில் இருந்திருக்கின்றன என்று தோன்றியது.

கப்பல் சர்க்கரை ஏழை வீட்டுக்கு எட்டாத பண்டம். 1747இல் பெர்லினில் மார்க்கிராஃப் என்ற வேதியியலாளர் பீட்ரூட் வகைக் கிழங்கில் இருப்பதும் கரும்புச் சர்க்கரையேதான் என்று கண்டுபிடித்தார். அவருடைய மாணவர் ஆஹார்ட் 1801இல் சைலீசியாவில் ஆலை தொடங்கினார். 19ஆம் நூற்றாண்டு போகப் போக, சர்க்கரை சாதாரண வீட்டுச் சாமானாகிவிட்டது. அதற்கு முன்பெல்லாம் ரோட்டே க்ரூட்ஸே என்பது உடைத்த தானியத்தைப் பழச்சாற்றில் வேகவைத்த கஞ்சி. பார்லி, ஓட்ஸ், பக்வீட் என்று அந்தந்த நிலத்தில் விளைந்தது எதுவோ அது. வயிற்றை நிரப்புவது தானியம், பழம் அதற்குச் சுவை. இப்போது தானியம் போய்விட்டது, பழமும் சர்க்கரையும் மிச்சம். ஹாம்பர்க்கில் எனக்குத் திகட்டியதற்கு இந்த நீண்ட கதையும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

ஜூலை 12, சனி – ஆங்கெல்ன்

ஃப்ளென்ஸ்பர்க்கிலிருந்து கிழக்கே அரை மணி நேரம். மேடும் பள்ளமுமாகக் கோதுமை வயல், வயலுக்கு வயல் புதர்வேலி. ஆங்கெல்ன் என்று பெயர். இங்கிலாந்துக்குப் பெயர் கொடுத்த ஆங்கில் மக்கள் புறப்பட்டுப் போன இடம்.

ஓமாவின் தோட்டத்தில் யோஹானிஸ்பேரே புதர் இடுப்பளவு. கைக்கு ஒரு வாளி கொடுத்து, சரத்தோடு கிள்ளச் சொன்னார். பழம் பழமாகப் பறித்தால் கையிலேயே நசுங்கிவிடும். பேத்தி ராஸ்பெர்ரிப் பக்கம் போனாள். அவள் கூடை நிரம்ப வெகுநேரம் ஆனது, வாய் மட்டும் சிவந்துகொண்டே வந்தது.

சமையலறையில் முதலில் கழுவுவது. சரமாக இருக்கும்போதே அகலப் பாத்திரத்துத் தண்ணீரில் முக்கி எடுத்தார். அப்புறம் முள்கரண்டி. சரத்தின் நுனியை இடது கையில் பிடித்து, மேல் காம்பை முள்களுக்கு நடுவே நுழைத்துக் கீழே ஒரே இழுப்பு. பழங்கள் 'டப டப' என்று கிண்ணத்தில் விழுந்தன, கையில் பச்சைக் காம்பு மட்டும். இழுக்கும் வேகம் மெதுவாக இருந்தால் பழத்தோடு சேர்ந்து காம்பும் வந்துவிடும். பட்டென்று இழுக்க வேண்டும். நான் கொண்டுபோன செர்ரிக்குக் கொட்டை நீக்க மேசையில் பொருத்தும் கருவி ஒன்று இருந்தது. ஓமா அதைத் தொடவில்லை. பழைய கொண்டை ஊசி ஒன்றைக் கார்க்கில் செருகி வைத்திருக்கிறார். காம்பு இருந்த குழியில் அதன் வளைவை நுழைத்து ஒரு திருப்பு. கொட்டை தனியே வருகிறது, பழம் உருண்டையாகவே இருக்கிறது.

அளவு இதுதான், அவர் சொன்னபடி. பழம் எல்லாம் சேர்த்து ஒரு கிலோ. அதில் பாதி யோஹானிஸ்பேரே, கால் கிலோ புளிப்புச் செர்ரி, மிச்சம் ராஸ்பெர்ரியும் கொஞ்சம் ஸ்ட்ராபெர்ரியும். கால் லிட்டர் செர்ரிச் சாறு, இல்லையென்றால் தண்ணீர். சர்க்கரை 120 கிராம். உருளைக்கிழங்கு ஸ்டார்ச் 40 கிராம். ஒரு துண்டு பட்டை, எலுமிச்சைத் தோல் சீவல் ஒன்று.

"120 போதுமா ஓமா? ஹாம்பர்க்கில் ரொம்ப இனிப்பாக இருந்ததே" என்று கேட்டேன். தோழி மொழிபெயர்க்கும் முன்பே ஓமாவுக்குப் புரிந்துவிட்டது. "கொதிக்கும்போது ருசி பார்த்துச் சர்க்கரை போடாதே. சூட்டில் இனிப்புத் தெரியும், குளிர்ந்தால் அமுங்கும் என்று பயந்து எல்லோரும் அள்ளிப் போடுகிறார்கள். க்ரீம் எதற்கு இருக்கிறது? புளிப்பை அது பார்த்துக்கொள்ளும்." எனக்கு வேண்டிய பதில் அதில் இருந்தது. பழத்தில் புளிப்பை விட்டுவைத்தால்தான் இனிப்பே போடாத க்ரீமுக்கு அங்கே வேலை. இரண்டும் இனிப்பாக இருந்தால் ஒன்று வீண்.

யோஹானிஸ்பேரேயும் செர்ரியும் சாறு, சர்க்கரை, பட்டையோடு அடுப்பில் ஏறின. கொதி வந்து தோல்கள் வெடிக்கத் தொடங்கியதும் தீயைக் குறைத்தார். ஸ்டார்ச்சைச் சூடான குழம்பில் நேராகக் கொட்டினால் கட்டி கட்டியாகிவிடும். ஐந்தாறு கரண்டி குளிர்ந்த சாற்றில் கரைத்து, மெல்லிய தாரையாக ஊற்றிக்கொண்டே கிண்டினார். முதலில் குழம்பு வெளிறிப் பால் கலந்த மாதிரி மங்கியது. எனக்குக் கொஞ்சம் கலக்கமாக இருந்தது. குமிழி ஒன்றிரண்டு வந்ததும் மங்கல் விலகி, கரண்டியின் அடி தெரியும் அளவுக்குச் சிவப்பு பளபளவென்று தெளிந்தது. அந்த இடத்தில் அடுப்பை அணைத்துவிட்டார். உருளைக்கிழங்கு ஸ்டார்ச்சுக்கு ஒரு கொதி போதும். தொடர்ந்து கொதிக்கவைத்தால், அதுவும் இத்தனை புளிப்பில், கெட்டிப்பட்டது மறுபடி இளகிவிடும். சோளமாவு போட்டால் இந்தக் கண்ணாடித் தெளிவு வராது, நிறம் கொஞ்சம் கலங்கியே இருக்கும்.

ராஸ்பெர்ரியும் ஸ்ட்ராபெர்ரியும் அடுப்பை அணைத்த பிறகுதான். பாத்திரச் சூட்டிலேயே அவை வெந்துவிடும், உருவமும் போகாது. கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி, மேலே சர்க்கரையை மழைச்சாரலாகத் தூவினார். ஆடை படியாமல் இருக்க இது வழி.

ஓமாவின் அம்மா காலத்தில் பழத்தை வேகவைத்துத் துணியில் வடிகட்டி, சாற்றை மட்டும் ரவை போட்டுக் காய்ச்சி, பீங்கான் அச்சில் ஊற்றி வைப்பார்களாம். மறுநாள் தட்டில் கவிழ்த்தால் அச்சின் வடிவத்திலேயே நிற்கும். சுற்றிலும் குளிர்ந்த பால். போருக்குப் பிறகு க்ரீம் எங்கே கிடைத்தது என்று சிரித்தார். அந்த அச்சு இன்னும் அலமாரியில் இருக்கிறது, உள்ளே திராட்சைக்கொத்து வடிவம்.

இரவு முழுக்கக் குளிர்பெட்டியில் இருக்க வேண்டும். இன்றைக்கு யாருக்கும் கிடையாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பேத்தி மட்டும் கரண்டியை நக்கினாள்.

ஜூலை 13, ஞாயிறு – ஆங்கெல்ன், அப்புறம் எல்லைக்கு அந்தப் பக்கம்

காலைச் சாப்பாட்டுக்கே கிண்ணம் வந்துவிட்டது. கரண்டியில் எடுத்தால் தளும்புகிறது, ஆனால் ஓடவில்லை. மேலே இனிப்பில்லாத க்ரீமைக் குளிரக் குளிர ஊற்றினார். வெள்ளை சிவப்பில் கோடாக இறங்கி, ஓரத்தில் இளஞ்சிவப்பானது. முதலில் க்ரீமின் கொழுப்பு நாக்கில் பரவுகிறது, அடுத்து செர்ரியின் கனம், கடைசியில் யோஹானிஸ்பேரே வெடித்து எல்லாவற்றையும் கழுவி விடுகிறது. அடுத்த கரண்டிக்கு நாக்கு புதிதாகத் தயார். கிண்ணம் காலியானதே தெரியவில்லை.

மதியம் எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு நடை. 1864 போரில் டென்மார்க் ஷ்லெஸ்விக்கை இழந்தது. 1920இல் மக்களிடமே வாக்குக் கேட்டார்கள். வடபகுதி டென்மார்க்குக்குப் போனது, ஃப்ளென்ஸ்பர்க் ஜெர்மனியோடு இருந்துவிட்டது. அதனால் இந்தப் பக்கம் டேனிஷ் பள்ளிகள் உண்டு, அந்தப் பக்கம் ஜெர்மன் பள்ளிகள் உண்டு. டேனிஷ் கஃபேயில் கேட்டதும் அதே சிவப்புக் கிண்ணம் வந்தது. ரோட்க்ரோட் மெத் ஃப்லோத என்கிறார்கள். இவர்களுடையது இன்னும் வழவழப்பு, பழம் அதிகமாகக் கரைந்திருந்தது, மேலே க்ரீம்தான், வெனிலா சாஸ் இல்லை. எனக்குப் பழம் முழுசாகத் தட்டுப்படும் ஓமாவின் கிண்ணமே பிடித்திருக்கிறது. ஆனால் புளிப்பை இங்கேயும் காப்பாற்றியிருக்கிறார்கள்.

ஜூலை 14, திங்கள் – ஃப்ளென்ஸ்பர்க்

இன்று தோழியின் சமையலறையில் நானே செய்தேன். ஸ்டார்ச்சுக்குப் பதில் சாகோ. இங்கே பழைய சமையல் குறிப்புகளில் சாகோ போட்ட ரோட்டே க்ரூட்ஸே சாதாரணம். முன்பு தென்கிழக்காசியாவின் சாகோ பனையிலிருந்து வந்தது. இப்போது ஜெர்மன் கடையில் கிடைப்பது பெரும்பாலும் உருளைக்கிழங்கு ஸ்டார்ச் மணி. தோழி வீட்டில் சேலத்து ஜவ்வரிசி இருந்தது. மரவள்ளிக்கிழங்கு மாவில் செய்வது என்றாலும் வேலை ஒன்றுதான்.

ஒரு கிலோ பழத்துக்கு 70 கிராம் எடுத்து, அரை மணி ஊறவைத்தேன். சாற்றின் அளவைக் கொஞ்சம் கூட்ட வேண்டும், ஜவ்வரிசி குடித்துக்கொண்டே இருக்கும். செர்ரியும் யோஹானிஸ்பேரேயும் கொதிக்கும்போது போட்டு, மணிகளின் நடுவில் வெள்ளைப் புள்ளி மறையும் வரை மிதமான தீயில் கிண்டினேன். மணி ஒவ்வொன்றும் சிவப்பு ஏறி, யோஹானிஸ்பேரே எது ஜவ்வரிசி எது என்று பிரித்துச் சொல்ல முடியாமல் கலந்துவிட்டது. இதைத்தான் பழைய வீட்டுக்காரர்கள் விரும்பியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். ஸ்டார்ச்சில் வராத ஒரு மெல்லும் சுகம் இதில் இருக்கிறது. ஓமா மாலையில் வந்து சாப்பிட்டார். அவருக்கு ஸ்டார்ச் போட்டதுதான் பிடிக்கும், ஆனால் சிறுவயதில் ஒரு சித்தி வீட்டில் இப்படிச் சாப்பிட்டிருக்கிறாராம்.

யோஹானிஸ்பேரே கிடைக்காத ஊரில் இருப்பவர்கள் உறைந்த பெர்ரிக் கலவையில் செய்யலாம். பனி உருகவிடாமல் அப்படியே அடுப்பில் போடுங்கள். உருகிய சாற்றைக் கீழே கொட்டிவிடாதீர்கள், நிறமும் மணமும் அதில்தான். கலவையில் புளிப்பு குறைவாக இருந்தால் சர்க்கரையை 80 கிராமுக்கு இறக்கி, கடைசியில் அரை எலுமிச்சைப் பழம் பிழியுங்கள். க்ரீமில் சர்க்கரை சேர்க்காதீர்கள். மூடி வைத்தால் குளிர்பெட்டியில் மூன்று நாள் தாங்கும். தோழி வீட்டில் நாளைக் காலை வரை தாங்குமா என்பது சந்தேகம்தான். பேத்தி இரவுச் சாப்பாட்டுக்கு இங்கேயே இருக்கிறாள்.